கடைமடையில் யாரைக் கேட்டுத் திட்டமிடுவது?

நிதி ஆயோக் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வறுமையில் இருப்போர் 2.20 விழுக்காட்டினர் மட்டுமே. அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 12 குறியீடுகளில் ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு ஆகியவை உண்டு. நிலம் இல்லை, ஆண்டுக்கு எத்தனை நாள் கூலி வேலை கிடைத்தது என்பதும் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே தொகுப்பு வீட்டில் குடியிருந்து, எரிவாயு இணைப்பும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு, நடவுக்கும் களையெடுப்புக்கும் மட்டும் அழைக்கப்பட்டு, மற்ற மாதங்களை நகைக்கடனிலும் திருப்பூருக்குப் போன மகன் அனுப்பும் பணத்திலும் ஓட்டுகிற ஒரு குடும்பம் இந்தக் கணக்கில் ஏழைக் குடும்பம் ஆகாது. காவிரிப் படுகைக்கென்று வட்டார அளவில் வறுமை ஒழிப்புத் திட்டம் வகுப்பதானால் அங்கு வாழ்பவர்களைக் கேட்காமல் முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கேட்க வேண்டும் என்பதில் இன்று யாரும் மாறுபடுவதில்லை. எந்த அமைப்பின் வழியாகக் கேட்பது என்பதில்தான் தீர்மானம் தேவைப்படுகிறது. கிராம சபை, மாவட்டத் திட்டக் குழு, பாசன சங்கங்கள், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்று நான்கு வழிகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. நான்கையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. ஆனால் எது முதலில் பேசுகிறதோ அதன் பட்டியலே மற்ற மூன்றிலும் சுற்றிவரும் என்பதால், முதலிடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தெளிவாக முடிவுசெய்தாக வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் டெல்டாவின் வறுமை எத்தகையது என்பதைப் பார்க்கலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை நாற்று பச்சைகட்டும் நேரத்தில் தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பகுதிகளில் ஆற்றில் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீர் கடைசியில் வந்து சேரும் கடைமடையிலேயே வெள்ளமும் கடைசியில் வந்து தேங்குகிறது. கடலும் உப்பும் அங்கேதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2018 நவம்பர் 16 கஜா புயலும் அதே மண்ணைத்தான் அடித்தன. இது ஒரு பக்கம். மறுபக்கம், நீர் ஒழுங்காக வந்த ஆண்டிலும் நிலமில்லாதவருக்குக் கூலி நாட்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. அறுவடை இயந்திரம் அறுப்பு வேலையை எடுத்துக்கொண்டது. கடைமடையில் நேரடி விதைப்பு பரவியதால் நடவுக் கூலியும் போயிற்று. ஆக, நீர் சார்ந்த வறுமை ஒன்றும் நிலமின்மை சார்ந்த வறுமை ஒன்றும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. முதலாவதுக்குச் செய்யும் மருந்து இரண்டாவதைச் சில வேளைகளில் மோசமாக்குகிறது.

எனவே நான்கு வழிகளையும் எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இவை. நிலமில்லாதவர், அதிலும் பெண், நிலமுடையவர் எதிரே அஞ்சாமல் பேச அங்கே இடம் உண்டா? பேசியதற்குப் பின்னால் பணம் வருகிறதா? ஊர் எல்லையைத் தாண்டி ஓடும் வாய்க்காலைப் பற்றி அங்கே முடிவெடுக்க முடியுமா? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போன ஆண்டுகளிலும் அது உயிரோடு இருக்குமா? முதல் கேள்வியை டெல்டாவில் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனைக்கு அவரையே உரிமையாளராக்கும் சட்டம் 1971இல் வந்த பிறகுதான், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலிசெய்ய வேண்டிவரும் என்ற அச்சம் சட்டப்படி நீங்கியது. சட்டப்படி நீங்கியது என்றுதான் சொல்ல முடியும்.

கிராம சபையிலிருந்து தொடங்கலாம். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். இதைவிட அகலமான வாசல் வேறு எந்த அமைப்புக்கும் இல்லை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்காக இருந்த கூட்டங்கள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து இப்போது ஆறாகியுள்ளன. ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்கும் பயனாளிகள் பட்டியலுக்கும் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அதன் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும்.

அந்த 100 பேர் யார் என்பதை நாட்காட்டியை விரித்துப் பார்த்தால் புரியும். ஆகஸ்ட் 15 சம்பா நாற்றங்கால் நேரம். அக்டோபர் 2 குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கும் நேரம். நவம்பர் 1 தாளடி நடவும் களையும், கூடவே வடகிழக்குப் பருவமழையும். ஜனவரி 26 சம்பா அறுவடை. ஆறு கூட்டங்களில் நான்கு, கூலி கிடைக்கிற சில வாரங்களுக்குள் விழுகின்றன. அன்று கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் மக்கள் திட்டமிடல் இயக்கமோ நாடு முழுவதும் அக்டோபர் 2இல்தான் தொடங்குகிறது. வட நாட்டுக்கு அது பொருந்தலாம், டெல்டாவுக்குப் பொருந்தவில்லை. வேலையில்லாத மார்ச், மே மாதக் கூட்டங்களுக்குப் பெண்கள் வர முடியும், ஆண்களில் பலர் அப்போது வெளியூரில். வந்தவர்களும் என்ன செய்கிறார்கள் என்றால், கூட்டத்துக்கு அரசு அனுப்பும் பற்றாளர் வாசிக்கும் தீர்மானங்களைக் கேட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றி மனு கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

தெருவிளக்கும் குடிநீரும் சாலையும்தான் மக்களுக்குத் தெரிகின்றன, வட்டாரத் திட்டம் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று இதைக் காட்டிச் சலித்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. சலிப்புக்குக் காரணமே இல்லை. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. மீதி 40இல்தான் ஊராட்சி தன் விருப்பப்படி எதையும் செய்ய முடிந்தது. அந்த அமைப்பிடம் எது கிடைக்குமோ அதை மட்டும் கேட்கும் அளவுக்கு மக்களுக்கு விவரம் இருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் கூட்டங்களைக் கூட்டினார்கள். இங்கே வரிசை மாறியிருக்கிறது.

அடுத்தது மாவட்டத் திட்டக் குழு. காகிதத்தில் இதுவே எல்லாவற்றிலும் பொருத்தமானது. 74ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 243இசட்.டி. பிரிவு, ஊரக, நகர உள்ளாட்சிகளின் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத் திட்ட வரைவை உருவாக்கும் பொறுப்பை இதனிடம் கொடுத்ததோடு, தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஆனால் நடப்பு வேறு. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்களே இருந்தார்கள். 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில், டெல்டா மாவட்டங்களும் அவற்றுள் அடக்கம், பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாதபோது, அவர்களைக் கொண்டு அமையும் குழுவுக்கும் உயிரில்லை. இன்னொரு குறை, 1991 வரை ஒன்றாயிருந்த தஞ்சாவூர் மாவட்டம் நாகப்பட்டினம், திருவாரூர், கடைசியாக 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்து நான்காகிவிட்டது. வெண்ணாற்றுக் கிளைகள் அந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. மாவட்டக் குழு கடைசி ஒப்புதலுக்கு உரிய இடம் என்பதைத் தாண்டி அதற்கு மேலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது வழியான பாசன சங்கங்களை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். டெல்டாவில் உண்மையான செல்வாக்கு இங்குதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த பாசன அமைப்புகளின் விவசாயிகள் மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது. நீர்நிலைகளை ஊராரைக் கொண்டே சீரமைக்க 2017இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில், பாசனம் பெறும் நிலமுடைய ஆயக்கட்டுதாரர்கள் வேலைச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்ததால், ஊருக்கு ஊர் சங்கங்கள் உருவாயின. மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசுபவர்களும் பெரும்பாலும் இவர்களே. ஆற்றையும் வாய்க்காலையும் இவர்களைப் போல அறிந்தவர் கிடையாது: எந்த மதகுக்குப் பலகை இல்லை, எந்த வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எந்தக் கிளைக்கு முறை வைத்தால் கடைமடை பிழைக்கும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த வெண்ணாற்றுத் துணைப்படுகைத் திட்டம் போன்ற ஒன்றில், இவர்களைக் கேட்காமல் ஒரு மதகைக்கூடச் சரியான இடத்தில் வைக்க முடியாது.

ஆயினும் இந்தச் சங்கங்களில் உறுப்பினராக வயல் வேண்டும். கூலித் தொழிலாளியோ, உப்பளத்தில் வேலை செய்பவரோ, உள்நாட்டு மீன்பிடிப்பவரோ, கோயில் நிலத்தைப் பதிவில்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரோ அதற்குள் வருவதில்லை. இதன் விளைவு தூர்வாரும் பருவத்தில் பளிச்சென்று தெரியும். அணை திறப்பதற்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் வயலையொட்டி ஓடும் சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்கள் வரை தூர்வார வேண்டும். விவசாயிகள் சங்கம் பொக்லைன் வேண்டும் என்கிறது. ஜூன் 12க்குள் வேலை முடியாவிட்டால் தண்ணீர் வந்தும் பயனில்லை என்பது நியாயமான பேச்சு. அதே வாய்க்காலை மண்வெட்டியும் கூடையுமாக வெட்டினால், வேறு எந்த வேலையும் இல்லாத அந்த இரண்டு மாதங்களில் காலனித் தெருப் பெண்களுக்குக் கூலி கிடைக்கும். நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரரை விலக்கி, இயலும் வரை இயந்திரத்தையும் தவிர்க்கச் சொன்னது இதற்காகத்தான். பெரிய ஆற்றுக்கு இயந்திரம், வயலையொட்டிய சிறு வாய்க்காலுக்குக் கை என்று பிரித்துக்கொள்வது இரு தரப்பும் ஒப்பக்கூடிய ஏற்பாடு. ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் அந்தப் பிரிவினை பேச்சுக்கே வராது. பாசன சங்கத்தை மட்டும் கேட்டு எழுதப்படும் வட்டாரத் திட்டம் வேளாண்மைத் திட்டமாக இருக்கும், நல்ல திட்டமாகவும் இருக்கக்கூடும். வறுமை ஒழிப்புத் திட்டமாக இராது.

இந்த இடத்தில் விவசாயிகள் தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்கும் திட்டம் உள்ளூரைக் கேட்காமல் வந்தபோது ஊர் ஊராக எழுந்தவர்கள் அவர்கள்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் காலமானதும் அந்தப் பரப்புரையின் நடுவேதான். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது அந்த எதிர்ப்பின் தொடர்ச்சி. எதை வரவிடக் கூடாது என்று சொல்லும் ஆற்றல் இவர்களுக்கு உண்டு. வயல் காப்பாற்றப்பட்டதால் மட்டும் வயலில் கூலி வேலை செய்பவரின் வருமானம் கூடிவிடாது என்பதும் உண்மை.

நான்காவது வழி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. குழுக்கள் தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்தை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது இப்போது நடைமுறை. இதற்கு அடிப்படையாக இருப்பது மக்கள் நிலை ஆய்வு. உலக வங்கி உதவியோடு 2005இல் தொடங்கிப் பின்னர் புதுவாழ்வுத் திட்டம் என்று அறியப்பட்ட திட்டத்தில் இந்த முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது. இதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் வலிமை தெரியும். தெருவின் நடுவில் கோலமாவால் ஊரின் படத்தை வரைகிறார்கள். கோயில், குளம், வாய்க்கால், ரேசன் கடை, பிறகு வீடு வீடாக. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை. அந்த வீட்டை எந்த அடுக்கில் வைப்பது என்பதைக் கூடியிருப்பவர்கள் வாய்விட்டுப் பேசித் தீர்மானிக்கிறார்கள். குடும்ப அட்டையில் ஒரே வீடாக இருப்பதைப் படத்தில் பெண்கள் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள், பின்கட்டில் கிழவி தனியாக உலை வைக்கிறாள் என்று. மாடிவீடு தெரிகிறதே என்று அலுவலர் கேட்டால், அது கஜாவுக்குப் பிறகு கடன் வாங்கிக் கட்டியது, வட்டி கட்டத்தான் மகன் வெளியூர் போனான் என்று பதில் வரும். எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் இதற்கான கட்டம் கிடையாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை இன்னமும் அடித்தளமாக வைத்துக்கொண்டிருக்கும் திட்டங்களோடு ஒப்பிட்டால், இந்தத் தெருக் கணக்கு எத்தனையோ மேல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மிக ஏழைகளில் ஒரு பகுதியினர் குழுக்களிலேயே இல்லை. வாரச் சேமிப்பைக் கட்ட முடியாதவர், தனித்து வாழும் முதியவர், பாதி ஆண்டு ஊரில் இல்லாதவர் ஆகியோரைக் குழுக்கள் சேர்ப்பதற்குத் தயங்கும், ஏனெனில் கடன் திரும்பாவிட்டால் மற்ற பெண்கள்தான் பொறுப்பு. கூட்டமைப்புத் தலைமை பல ஊர்களில் குடியானத் தெருவிலேயே தங்கிவிடுகிறது. கட்சிச் சார்பும் இல்லாமலில்லை. வாய்க்கால், வடிகால் பற்றிய அறிவு விவசாயச் சங்கத்துக்கு இருக்கும் அளவுக்கு இவர்களிடம் திரட்டப்படவில்லை, நாற்று நட்டவர்கள் இவர்களே என்றாலும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்கள் தீட்டும் திட்டம் விண்ணப்பமாகத்தான் போகிறது. பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்யும் கை வேறு. எனினும் தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இயங்கிக்கொண்டிருப்பதும், நிலமில்லாத பெண்கள் பழகிய குரலில் பேசும் இடமாக இருப்பதும் நான்கில் இது ஒன்றே.

ஆகையால் என் தேர்வு, முதல் சொல் நான்காவது வழிக்கு. மக்கள் நிலை ஆய்வைத் தெரு தெருவாக, ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலிருந்து தொடங்கி, குழுவில் இல்லாதவர்களையும் அழைத்துப் புதுப்பிக்க வேண்டும். அதில் வரும் பட்டியலும் தேவைகளும் கிராம சபைக்குப் போகட்டும். அங்கே அதை மாற்றலாம், ஆனால் மாற்றினால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஊராட்சிகளை மாவட்டமாகச் சேர்ப்பதற்கு முன், ஒரே ஆற்றுக் கிளையில் நீர் பெறும் ஊராட்சிகளை ஒன்றாக உட்காரவைத்து, பாசன சங்கத்தையும் கூலித் தொழிலாளர் பிரதிநிதிகளையும் சம எண்ணிக்கையில் அழைக்க வேண்டும். தூர்வாரல், நேரடி நெல் கொள்முதல் நிலையம் எங்கே அமைவது, வடிகால், இறால் பண்ணைகளின் உப்புநீர் ஆகியவை இந்த அவையில் தீர்மானிக்கப்பட வேண்டியவை. மாவட்டத் திட்டக் குழு இருந்தால் அதன் ஒப்புதல். இல்லாத ஆண்டுகளில் ஆட்சியர் கையொப்பத்தோடு நின்றுவிடாமல், கிளை அவைக்கே திருப்பி அனுப்பி வாசிக்கச் சொல்வது.

இது காலம் பிடிக்கும் என்பது உண்மையான எதிர்வாதம். ஒரு பருவம் முழுதும் போகும். அதற்கு என் பதில், டெல்டா முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை என்பதே. அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் நீர் தரும் தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் முதலில் செய்து பார்க்கலாம். அங்கு வறுமையின் இரண்டு முகங்களும் சேர்ந்தே இருக்கின்றன. பிப்ரவரி கடைசியில் சம்பா அறுவடை ஓய்ந்ததும் தெரு ஆய்வைத் தொடங்கி, மார்ச் 22 கிராம சபையில் பட்டியலை வைத்து, ஏப்ரலில் கிளை அவையைக் கூட்டினால், அந்த ஆண்டுத் தூர்வாரும் வேலையைக் கைக்கும் இயந்திரத்துக்கும் பிரிப்பதையே அவையின் முதல் முடிவாக எடுக்கலாம். அதற்குள் ஊராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய நிதியில் ஒரு பங்கையும் நீர்வளத் துறையின் தூர்வாரும் ஒதுக்கீட்டில் ஒரு பங்கையும் அந்த அவையின் முடிவுக்கு விடுவதாக எழுத்தில் அரசாணை வந்திருக்க வேண்டும். அது வராத ஆண்டில் கூட்டத்தைக் கூட்டாமல் தள்ளிவைப்பதே மேல்.